ஜானர்தான் கேமராவை எங்கே வைப்பது என்று சொல்கிறதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 நிமிடத் திகில் குறும்படம் ஒன்று எடுக்கப் போகிறீர்கள். வயதான ஒரு பெண்மணி, ஒரே வீடு, உள் அறையிலிருந்து யாரோ முணுமுணுக்கும் பாட்டு. ஜானர் (திகில், காதல், நகைச்சுவை போன்ற படவகை) விதிகளைப் பின்பற்றினால் உங்கள் ஸ்டைல் காணாமல் போய்விடுமோ என்று பயம். பின்பற்றாவிட்டால் யாருமே பயப்படமாட்டார்களோ என்று அதைவிடப் பெரிய பயம். கூடவே ஒரு வருத்தம்: பேய்ப்படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவே, இது சோம்பேறித்தனமா, கட்டாயமா?

இரண்டும் உண்டு. ஆனால் எது சோம்பல், எது கட்டாயம் என்று பிரிக்க வேண்டுமென்றால், ஜானர் ஒரு படத்தின் தோற்றத்துக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு நம் கையிலேயே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. யாரோ நமக்காகவே செய்து வைத்தது போல.

1977-ல் '16 வயதினிலே'. அடுத்த வருடமே 'சிகப்பு ரோஜாக்கள்'. இரண்டுக்கும் இயக்குநர் பாரதிராஜா, ஒளிப்பதிவு நிவாஸ், இசை இளையராஜா, நாயகன் கமல்ஹாசன், நாயகி ஸ்ரீதேவி. ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள். மாறியது ஜானர் மட்டும்தான். முதல் படத்தில் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்த கேமரா வெயிலிலும் வயலிலும் சாவகாசமாக உலவுகிறது. மனிதர்களைச் சுற்றி நிறைய இடம் இருக்கிறது, வானம் இருக்கிறது. இரண்டாவது படத்தில் அதே கேமரா ஒரு பங்களாவுக்குள் போய் அடைந்துகொள்கிறது. பூட்டிய அறை, கறுப்புப் பூனை, ரோஜாத் தோட்டம். மனிதர்களைச் சுற்றியிருந்த இடம் குறைந்துபோகிறது. இருக்கிற இடமும் நிம்மதியாக இல்லை.

இதில் என்னை விடாமல் துரத்துவது கமலின் சிரிப்பு. முதல் படத்தின் சப்பாணி சிரித்தால் அய்யோ பாவம் என்றிருக்கும். இரண்டாவது படத்தின் திலீப் சிரித்தால் வயிற்றில் என்னவோ செய்யும். இரண்டுமே குளோசப்தான், ஏறத்தாழ ஒரே தூரத்திலிருந்து பார்க்கிறோம். திலீப் கொலைகாரன் என்று நமக்குத் தெரியும், எதிரில் நிற்கும் நாயகி சாரதாவுக்குத் தெரியாது. வித்தியாசம் அங்கே இருக்கிறது. 'நினைவோ ஒரு பறவை' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்டால் தாலாட்டு மாதிரி ஒரு காதல் டூயட். படத்துக்குள் வரும்போது அந்த இனிமையே கலவரப்படுத்துகிறது. ஏனென்றால், 'இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகப் போகிறது' என்ற கவலையோடு நாம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் பதிலின் மையம் இதுதான். ஜானர் என்றால், பார்க்கிறவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பது. காதல் படத்தில் ஒரு சொல்லுக்காக. நகைச்சுவையில் ஒரு சறுக்கலுக்காக. திகிலில் ஒரு கதவுக்காக. அந்தக் காத்திருப்பை நீட்டுவதா, குறைப்பதா, ஏமாற்றுவதா என்று எடுக்கிற முடிவுகளைத்தான் பிறகு நாம் ஸ்டைல் என்று சொல்கிறோம். லைட்டிங், லென்ஸ், கட், பின்னணி இசை எல்லாம் அதற்குப் பின்னால் வருகிறவை.

இன்னொரு ஜோடியும் சொல்கிறேன். ஹிட்ச்காக் 1959-ல் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' எடுத்தார்: பளிச்சென்ற வண்ணம், அகன்ற திரை, ஊர் ஊராக ஓட்டம். 1960-ல் 'சைக்கோ': கறுப்பு வெள்ளை, தன் தொலைக்காட்சித் தொடருக்கு வேலை செய்த குழு, குறைந்த செலவு. எடிட்டர் ஜார்ஜ் டொமாசினி, இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன், இருவரும் இரண்டு படங்களிலும் உண்டு. ஹெர்மன் முதல் படத்துக்கு முழு ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டார். இரண்டாவதில் தந்தி வாத்தியங்களைத் தவிர எல்லாவற்றையும் வெளியே அனுப்பிவிட்டார். 'சைக்கோ'வின் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். ஹெர்மன் எழுதியதைக் கேட்ட பிறகு மனம் மாறினார். ஜானரின் அப்போதைய பழக்கம், இயக்குநரின் எண்ணம், இசையமைப்பாளரின் காது மூன்றும் மோதிக்கொண்ட இடத்தில் பிறந்தது அந்தக் கீச்சிடும் வயலின். அதற்கப்புறம் அறுபது வருடமாக உலகம் முழுக்கக் கத்தியை ஓங்குகிறவர்கள் எல்லாம் அதே வயலினோடுதான் வருகிறார்கள். ஒருவர் கண்டுபிடித்தது இப்படித்தான் எல்லோருக்கும் விதியாகிறது.

சரி, காத்திருப்பு எப்படி கேமராவை நகர்த்துகிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நடனம், சண்டை, விழுந்து எழும் நகைச்சுவை. இந்த மூன்றுக்கும் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும். ஆனால் மூன்றிலும் பார்க்கிறவர் காத்திருப்பது ஒரு உடம்பின் திறமைக்காக. அதனால் மூன்று வகைப் படங்களும் ஒரே முடிவுக்கு வந்தன: பின்னால் தள்ளி நில், கட் பண்ணாதே. ஹாலிவுட் நடனக் கலைஞர் ஃப்ரெட் அஸ்டேர் தன் நடனத்தைத் தலை முதல் கால் வரை ஃப்ரேமுக்குள் வைத்து, முடிந்தவரை நீண்ட ஷாட்டாகவே எடுக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். 1928-ல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முழு முன்சுவரும் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் மேல் விழும். அவர் நிற்கும் இடத்தில் சரியாக ஒரு ஜன்னல் திறப்பு வந்து இறங்கும், மனிதர் அசையாமல் நிற்பார். அதை இரண்டு ஷாட்டாக வெட்டியிருந்தால் வெறும் தந்திரம் என்று போயிருப்போம். ஒரே அகன்ற ஷாட்டில் இருப்பதால் இன்றைக்கும் மூச்சு நின்றுபோகிறது. ஹாங்காங் சண்டைப்படங்களும் இதே கணக்குதான். அடிப்பவன் கையும் வாங்குபவன் முகமும் ஒரே ஃப்ரேமில் இருக்க வேண்டும்.

அந்த வகைப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்த விதிமீறல் ஒன்று உண்டு. 'போலீஸ் ஸ்டோரி' படத்தில் ஜாக்கி சான் வணிக வளாகத்தின் உச்சியிலிருந்து ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு விளக்குச் சரங்களை உடைத்தபடி இறங்குவார். அந்த ஒரே இறக்கத்தை வேறு வேறு கோணத்திலிருந்து மூன்று முறை காட்டுவார்கள். குடும்பப் படத்தில் ஒருவர் நாற்காலியில் உட்காருவதை மூன்று முறை காட்டினால் எடிட்டரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே கைதட்டுகிறோம். சாகசப் படத்தில் அந்தத் திறமைக்குக் கதையைவிட மரியாதை அதிகம். கதை மூன்று விநாடி நின்றால் நிற்கட்டும் என்று ஜானரே அனுமதி கொடுத்துவிடுகிறது.

நம் மாஸ் படங்களிலும் இதே தர்க்கம் இருக்கிறது, ஆனால் தலைகீழாக. அங்கே காத்திருப்பது முகத்துக்காக. அதனால் முகத்தைத் தவிர எல்லாம் முதலில் வரும்: செருப்பு, கை, முதுகு, காற்றில் பறக்கும் சட்டை நுனி. முகம் கடைசியில், ஸ்லோமோஷனில், கீழிருந்து. அதற்குப் பிறகு ஓரிரு விநாடி எதுவும் நடக்காது. அந்த வெற்றிடம் விசிலுக்கு ஒதுக்கியது. தனியாக லேப்டாப்பில் பார்க்கும்போது அந்த இடம் அசட்டுத்தனமாகத் தோன்றும். காரணம், அந்த எடிட்டிங்கில் பாதி ஒலி திரையரங்கில் இருக்கிறது. நகைச்சுவையிலும் இதேதான். 'எ நைட் அட் தி ஆபரா' படப்பிடிப்புக்கு முன்னால் மார்க்ஸ் சகோதரர்கள் என்ற நகைச்சுவைக் குழுவினர் அதன் நகைச்சுவைக் காட்சிகளை மேடையேற்றி ஊர் ஊராகப் போய் நடித்துப் பார்த்தார்கள். எங்கே சிரிப்பு வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளந்துகொண்டு, அடுத்த வசனம் சிரிப்பில் அமுங்காதபடி படத்தில் இடைவெளி விட்டார்கள். அதாவது, பார்வையாளர் போடுகிற சத்தமும் அந்தப் படத்தின் வடிவத்தில் ஒரு பங்கு.

'பாட்ஷா' இதை எப்படிப் பயன்படுத்தியது என்று யோசித்துப் பாருங்கள். திரையில் இருப்பது ரஜினி என்று எல்லோருக்கும் தெரியும். இந்த ஆள் எப்போது திருப்பி அடிப்பார் என்றுதான் மொத்த அரங்கமும் உட்கார்ந்திருக்கிறது. படம் அவரைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிவாங்க விடுகிறது. விதி தெரிந்திருப்பதால்தான் அந்தத் தாமதம் வலிக்கிறது. விதியே தெரியாத ஒருவருக்கு அது வெறும் அடிவாங்கும் காட்சி.

இப்போது உங்கள் விஷயத்துக்கு, திகிலுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும்.

திகில் படத்தின் சரக்கு ஃப்ரேமுக்குள் இருப்பது அல்ல, வெளியே இருப்பது. 1942-ல் ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காக வால் லூட்டன் தயாரித்து, ஜாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' குறைந்த செலவுப் படம். சிறுத்தையைத் தாராளமாகக் காட்ட வசதி இல்லை. ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் குதிகால் சத்தம். பிறகு அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. அது நின்றதுதான் பயம். அவள் வேகம் பிடிக்கிறாள், நாமும் பிடிக்கிறோம். திடீரென்று சிறுத்தை சீறுவது போல ஒரு சத்தத்தோடு ஃப்ரேமுக்குள் பாய்ந்து வருவது... ஒரு பஸ்! பிரேக் போட்டு நிற்கிறது, அவ்வளவுதான். இன்றைக்கும் வெறுமனே தூக்கிவாரிப்போட வைக்கும் பொய் அதிர்ச்சிக்குத் திரைப்படக்காரர்கள் மத்தியில் 'லூட்டன் பஸ்' என்று பெயர் உண்டு.

பார்வையாளர்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள். அமைதி வந்தால் அடுத்து ஏதோ வெடிக்கும் என்று தெரிந்துபோயிற்று. அதனால் இயக்குநர்கள் ஒரு படி மேலே போனார்கள்: முதலில் பொய் அதிர்ச்சி, அதாவது பூனை, எல்லோரும் மூச்சு விட்டதும் உண்மையான அதிர்ச்சி. அதையும் கற்றுக்கொண்டார்கள். பூனை வந்தால் அடுத்த பத்து விநாடிக்குள் ஆள் காலி என்று பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சரி, இனி என்ன செய்வது? 1990-ல் 'தி எக்ஸார்சிஸ்ட் 3' வேறு வழியில் போனது. மருத்துவமனைத் தாழ்வாரம் ஒன்றைத் தூரத்திலிருந்து, கேமராவை அசைக்காமல், சங்கடப்படுத்தும் அளவுக்கு நீளமாகக் காட்டுகிறார்கள். ஒரு செவிலியர் வருகிறார், போகிறார், ஒரு அறைக்குள் எட்டிப் பார்க்கிறார். இது திகில் காட்சியின் இலக்கணமே இல்லையே, ஏதோ சாதாரணக் காட்சி போலிருக்கிறதே என்று மனம் தளர்கிற நேரத்தில் அது நடக்கிறது. என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். பார்வையாளரின் அறிவுக்கும் இயக்குநரின் தந்திரத்துக்கும் நடக்கிற துரத்தல்தான் ஜானரின் வரலாறு. விதி மாறாமல் நின்றால் ஜானர் செத்துப்போகும்.

இதில் விபத்துக்கும் பங்குண்டு. 'ஜாஸ்' படப்பிடிப்பில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானது. வேறு வழியில்லாமல் ஸ்பீல்பெர்க் சுறாவுக்குப் பதில் தண்ணீரையும், மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களையும், ஜான் வில்லியம்ஸின் இரண்டே இரண்டு ஸ்வரத்தையும் காட்டினார். சுறாவைச் சரியாகப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் பலர் கவனிக்காதது இது: அந்த இசை பொய் சொல்லாது. இரண்டு சிறுவர்கள் அட்டையில் செய்த பொய்ச் சுறாத் துடுப்பை வைத்துக்கொண்டு கடற்கரையைக் கலவரப்படுத்தும் காட்சியில் அந்த ஸ்வரங்கள் வருவதில்லை. ஆகவே நம் காது ஒரு ஒப்பந்தத்துக்குப் பழகிவிடுகிறது, இசை இல்லையென்றால் ஆபத்து இல்லை என்று. அப்புறம் ஒருநாள் படகிலிருந்து ஒருவர் சாவகாசமாக இரை வீசிக்கொண்டிருக்கும்போது, இசையே இல்லாமல் சுறா தலையைத் தூக்குகிறது. விதியை உருவாக்கி, நம்ப வைத்து, பிறகு உடைப்பது. இவ்வளவும் ஒரே படத்துக்குள்.

1978-ல் ஜான் கார்ப்பென்டர் 'ஹாலோவீன்' எடுத்தபோது குறைந்த செலவுப் படம்தான் என்றாலும் அகன்ற திரையைத் தேர்ந்தெடுத்தார். பிரம்மாண்டத்துக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்த அகலத்தை அவர் ஒளிந்துகொள்ளப் பயன்படுத்தினார். பெண் இடது ஓரத்தில் பேசிக்கொண்டிருப்பாள். வலதுபுறம் முழுக்கக் காலி. எந்தப் பக்கம் பார்ப்பது என்று நம் கண் அலைகிறது. எதுவுமே வராத ஷாட்டுகளிலும் அலைகிறது. ஒரு வெற்றிடத்தைப் பார்த்துப் பயப்படப் பழக்கிவிட்டால், அதற்குமேல் ஒரு பைசா செலவில்லை. மற்ற எந்த ஜானரிலும் அந்த ஃப்ரேம் வெறும் மோசமான கம்போஸிஷன்.

நீங்கள் சோம்பல் என்று சொன்னது இங்கேதான் நுழைகிறது. வெற்றிடம் ஏன் பயமுறுத்துகிறது என்று தெரியாமல் இருட்டை மட்டும் எடுத்துக்கொள்வது. சத்தத்துக்கு முன்னால் வந்த அமைதியைக் கட்டாமல் சத்தத்தை மட்டும் கூட்டுவது. நீல விளக்கு, புகை, தலைவிரிகோலம் என்று தோற்றத்தை மட்டும் கடன் வாங்குகிற படங்களில் பார்வையாளர் எதற்கும் காத்திருப்பதில்லை, திடுக்கிடுகிறார், அவ்வளவுதான். திடுக்கிடுவதும் பயப்படுவதும் வேறு. பின்னால் வந்து ஊதுகுழல் ஊதினால் யாரும்தான் திடுக்கிடுவார்கள்.

தோற்றங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு நுவார் படங்களைவிட நல்ல உதாரணம் இல்லை. 1940-களின் அமெரிக்கக் குற்றப் படங்களில் பார்த்திருப்பீர்கள்: ஜன்னல் தட்டிகளின் வரி வரியான நிழல், சிகரெட் புகை, ஈரத் தெரு. அவற்றை எடுத்தவர்கள் 'நாங்கள் நுவார் எடுக்கிறோம்' என்று நினைக்கவில்லை. அந்தப் பெயரை 1946-ல் நினோ ஃப்ராங்க் என்ற பிரெஞ்சு விமர்சகர் வைத்தார். ஜெர்மன், ஆஸ்திரிய திரையுலகிலிருந்து வந்து சேர்ந்த ஃப்ரிட்ஸ் லாங், பில்லி வைல்டர், ராபர்ட் சியோட்மாக் போன்றவர்கள் நிழலைக் கொண்டுவந்தார்கள். போர்க்காலத்தில் புதிய செட்டுகளுக்குச் செலவழிக்கக் கட்டுப்பாடு இருந்தது, இருட்டு அந்த ஏழ்மையை மறைத்தது. 1934 முதல் கறாராக அமலான தணிக்கை விதிகள் வன்முறையையும் கள்ள உறவையும் நேரடியாகக் காட்டவிடவில்லை. 1944-ல் வந்த வைல்டரின் 'டபுள் இண்டெம்னிட்டி' படத்தில் காருக்குள் கணவனைக் கொல்லும்போது நாம் கொலையைப் பார்ப்பதில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் மனைவியாக நடித்த பார்பரா ஸ்டான்விக்கின் முகத்தை மட்டும் பார்க்கிறோம். கொலையைக் காட்டியிருந்தால் அந்தக் கொலை மட்டும் தெரிந்திருக்கும். இப்போது அவள் யார் என்று தெரிகிறது. தணிக்கையும் வறுமையும் புலம்பெயர்ந்தவர்களும் சேர்ந்து கொடுத்ததைப் பிற்பாடு வந்தவர்கள் 'நுவார் ஸ்டைல்' என்று வேண்டுமென்றே உடுத்திக்கொண்டார்கள்.

இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் வெஸ்டர்ன்களும் (துப்பாக்கிச் சண்டை கௌபாய் படங்கள்) அப்படித்தான். கண்களை மட்டும் திரை நிறையக் காட்டுகிறாரே, அவருடைய மேதைமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் பயன்படுத்திய டெக்னிஸ்கோப் முறை வழக்கமான ஃபிலிமில் பாதியை மட்டுமே செலவழித்து அகன்ற படம் கொடுத்தது. சாதாரண லென்ஸ்களோடு முகத்துக்கு மிக அருகில் போகவும் அது இடம் தந்தது. அதற்கு முன்னால் ஜான் ஃபோர்டின் வெஸ்டர்ன்களில் அகலம் நிலத்துக்கு உரியது, மனிதன் அடிவானத்தில் ஒரு புள்ளி. லியோனி ஒரு முகத்தையே நிலப்பரப்பாக்கினார். துப்பாக்கியை எடுக்கப் போகும் அந்தக் கணத்துக்காக நாம் காத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அதனால் அதை இழுத்தார், இழுத்தார், பொறுக்க முடியாத அளவுக்கு இழுத்தார்.

ஒரு கருவிக்கு நிரந்தரப் பொருள் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் 'திகிலுக்கு இந்த நிறம், காதலுக்கு அந்த நிறம்' என்று அட்டவணை கேட்கிறார்கள். 1939-ல் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் நிஜ உலகம் பழுப்பு, கனவு உலகம்தான் வண்ணம். அப்போது வண்ணம் இசைப்படங்களுக்கும் கற்பனைக் கதைகளுக்கும் உரிய ஆடம்பரம். எல்லாப் படமும் வண்ணமான பிறகு அது தலைகீழானது. கறுப்பு வெள்ளை என்றால் கடந்தகாலம் அல்லது கனவு. ஆடும் கேமராவும் இப்படித்தான். செய்திப் படக்காரர்களின் கையிலிருந்ததால் அது உண்மையின் அடையாளமானது. 1966-ல் 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' செய்திப் படம் போலவே இருந்ததால், இதில் ஒரு அடிகூடச் செய்திப் படச்சுருள் இல்லை என்று அமெரிக்காவில் திரையிட்டபோது எழுத்தில் போட வேண்டியிருந்தது. 1998-ல் 'சேவிங் பிரைவேட் ரயன்' அந்த ஆட்டத்தைப் போர்ப்பட இலக்கணமாக்கியது. அடுத்த வருடம் 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' அதையே திகிலுக்கு எடுத்துக்கொண்டது. 'இது நிஜமாகவே யாரோ பிடித்தது' என்ற நம்பிக்கைதான் அங்கே பேயைவிடப் பெரிய பேய்.

ஜானர்கள் ஒன்றிடமிருந்து ஒன்று இப்படித் திருடிக்கொள்வது புதிதில்லை. 'ஸ்டார் வார்ஸ்' விண்வெளிச் சண்டைகளுக்கு ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டைப் படத்துண்டுகளைத் தொகுத்து மாதிரியாக வைத்துக்கொண்டார். விண்வெளியில் காற்றில்லை, சத்தம் வராது. ஆனால் அது போர்ப்படம், எனவே எஞ்சின் உறுமுகிறது. 1968-ல் குப்ரிக் எடுத்த '2001' அங்கே மௌனத்தை வைத்தது, ஏனென்றால் அந்தப் படம் வேறொன்றுக்காகக் காத்திருக்க வைக்கிறது. 'ஏலியன்' விண்கலத்தில் நடந்தாலும் எழுதிய விதமும் எடுத்த விதமும் பூட்டிய வீட்டுப் பேய்க்கதைதான். போஸ்டரில் என்ன ஜானர் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்க்காதீர்கள், கேமரா எந்த ஜானரில் யோசிக்கிறது என்று பாருங்கள்.

நாம் நம் படங்களில் 'பாட்டு வந்தே ஆக வேண்டுமா' என்று அலுத்துக்கொள்வோம். 1954-லேயே 'அந்த நாள்' பாட்டே இல்லாமல் வந்தது. இயக்கியவர் எஸ்.பாலசந்தர், வீணை வித்வான்! ஒரு கொலை, ஆளுக்கொரு கதை சொல்லும் சாட்சிகள், நிழல் நிறைந்த அறைகள். துப்பறியும் கதையில் பார்க்கிறவர் அடுத்த தடயத்துக்காகக் காத்திருக்கிறார், நடுவில் பாட்டு வந்தால் அந்தக் காத்திருப்பு அறுந்துபோகும் என்று ஒரு இசைக்கலைஞருக்குத் தெரிந்திருக்கிறது. 2019-ல் 'கைதி' ஒரே இரவு, பாட்டில்லை, நாயகி இல்லை என்று வந்தபோது அதைப் புதுமை என்றார்கள். புதுமைதான், ஆனால் அறுபத்தைந்து வயதான புதுமை. அதற்காகப் பாட்டு தப்பு என்று சொல்லவில்லை. 'அண்ணாமலை'யில் பால்காரர் ஒரே பாட்டில் பணக்காரர் ஆகிறார். வருடங்களை நாலு நிமிடத்தில் கடக்க அதைவிடச் சிக்கனமான வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு ஜானரின் விதிகள் என்னென்ன என்று பட்டியல் தேடினால் பாடப் புத்தகம் வேண்டாம், அதைக் கிண்டல் செய்த படத்தைப் பாருங்கள். 2010-ல் வந்த 'தமிழ் படம்' அந்த வகையில் ஒரு கையேடு. சிறுவன் சைக்கிள் மிதிக்க, சக்கரம் சுற்றி முடிவதற்குள் ஹீரோவாக வளர்ந்துவிடுவான். யாரும் விளக்கம் கேட்கவில்லை, ஏனென்றால் நாம் அதை ஏற்கெனவே நூறு படத்தில் கண்ணிமைக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

இனி உங்கள் குறும்படம். நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தில் இரண்டாவது நிமிடத்திலேயே விளக்கு மினுக்குகிறது, நாலாவது நிமிடத்தில் கண்ணாடியில் உருவம் தெரிகிறது. இரண்டையும் எடுத்துவிடலாம். அவை பார்வையாளருக்கு 'இது பேய்ப்படம்' என்று சொல்வதற்காக மட்டுமே இருக்கின்றன. அது தலைப்பு போடும்போதே அவர்களுக்குத் தெரியும்.

உங்களிடம் அதைவிட நல்ல பொருள் இருக்கிறது, அந்த முணுமுணுப்பு. முதலில் அதை அந்த அம்மாவே முணுமுணுக்கட்டும், காய் நறுக்கும்போது, விளக்கை அணைக்கும்போது. இரண்டு மூன்று தடவை, சாதாரணமாக, லாங் ஷாட்டில், குடும்பப் படம் எடுப்பது போல வெளிச்சத்தோடு. இந்த வீட்டில் பாட்டு வந்தால் அது இவர் பாடுவது என்று நம் காதுக்குப் பழக்கம் ஆகட்டும். அப்புறம் ஒரு ஷாட்டில் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார், பாட்டு தொடர்கிறது. கட் வேண்டாம், அவர் முகத்துக்குக் கிட்டே போகவும் வேண்டாம். பார்க்கிறவரே கண்டுபிடிக்கட்டும். சிலர் அரை விநாடி தாமதமாகக் கண்டுபிடிப்பார்கள், பக்கத்து இருக்கைக்காரர் மூச்சை இழுப்பதைக் கேட்டு. பின்னணி இசை என்று எதையும் அந்த நிமிடத்துக்கு முன்னால் சேர்க்காதீர்கள். இசை வந்துவிட்டால் பாட்டு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியே எழாது.

உள் அறைக் கதவு விஷயத்தில் ஒரு பழைய வித்தை. 'ரோஸ்மேரிஸ் பேபி' படத்தில் ஒரு பெண்மணி படுக்கையறையில் உட்கார்ந்து தொலைபேசியில் பேசுவதை, கதவு நிலை அவர் முகத்தை மறைக்கும்படி ரோமன் போலன்ஸ்கி எடுக்கச் சொன்னார். ஒளிப்பதிவாளர் வில்லியம் ஃப்ரேக்கருக்கு முதலில் காரணம் புரியவில்லை. திரையரங்கில் மொத்தக் கூட்டமும் அந்தக் கதவு நிலையைத் தாண்டி எட்டிப் பார்க்கத் தலையைச் சாய்த்தபோதுதான் புரிந்தது. உங்கள் வீட்டிலும் கேமராவை அந்த அறைக்கு நேராக வைக்காமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள். கதவு முக்கால்வாசி திறந்திருக்கட்டும். கடைசி ஷாட் வரை யாரும் அதைத் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம்.